எருமை இறங்காத துறை

மாயவரத்துக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே கடல் எதுவும் கிடையாது. இருந்தாலும் நான் போய்வந்தது வெளிதேசம்தான் என்று சொல்லுவேன். நம் பக்கத்தில் மனிதர்கள் பேசுவார்கள், மாடுகள் கேட்கும். அங்கே மாடு ஏதாவது செய்யும். மனிதர்கள் கூடி நின்று அதற்கு அர்த்தம் சொல்லுவார்கள்.

போன காரியம் சின்னது. என் இரண்டாவது பெண் விசாலத்தை மணிமுத்தாற்றங்கரையில் ஓர் ஊரில் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்தாயிற்று. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். புறப்படும்போது என் மனைவி புத்தம்புதிய கறுப்புக் குடை ஒன்றை என் கையில் திணித்தாள். "அவ தலையில வெயிலும் படக்கூடாது, மழையும் படக்கூடாது. நம்ம வாசல்ல வந்து இறங்குற வரைக்கும் குடை விரிச்சபடியே இருக்கணும்" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மூத்தவள் மங்களமும் போன வருஷம் இப்படித்தான் பிரசவத்துக்கு வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. அன்றிலிருந்து கதவு படீரென்று சாத்தினால் எனக்குத் தூக்கிப்போடும். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருப்பேன். வாசலில் யாராவது வேகமாக வந்தால் கங்கை எந்தக் கடலில் விழுகிறது என்பது மறந்துபோகும்.

திருநெல்வேலியில் வண்டி மாற வேண்டும். இடையில் நேரம் நிறைய இருந்ததால் ஒரு ஜட்கா பிடித்து, ஊருக்குள் போய் நெல்லையப்பரைக் கும்பிட்டேன். சந்நிதித் தெருவில் ஒருவர் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அல்வா வைத்து நீட்டினார். தின்றேன் என்று சொல்வது சரியில்லை. அது தானாக வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சட்டியைத் திறந்தபடி வைத்திருக்கிறாரே, காக்கை கொத்தாதா என்று கேட்டேன்.

"ஒருக்கா ஒண்ணு கொத்திச்சு. அலகு ஒட்டிக்கிட்டுது. ரெண்டு நாளு கத்த முடியாமப் பேசாம உக்காந்திருந்துது. அதுக்கப்புறம் ஒண்ணும் வாறதில்ல" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதைப் பாத்துதான், வீட்டுல சண்டைன்னா நானும் ஒரு துண்டு வாயில போட்டுக்கிடுதேன்" என்றார்.

இந்தப் பயணத்தில் மிருகத்திடம் பாடம் படித்த முதல் மனிதர் அவர். அடுத்தவர் ஜட்காக்காரர். ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது அவர் தலை முன்னும் பின்னும் ஆடியது. தட்டி எழுப்பினேன்.

"பயப்படாதீய அண்ணாச்சி. நான் தூங்கல. குதிரை மாதிரி இருக்கேன். அது நின்னமேனிக்கே தூங்கும், காது மட்டும் முழிச்சிருக்கும். பாத்துப் பாத்து நானும் படிச்சுக்கிட்டேன்."

அவர் காது முழித்திருந்ததா என்று தெரியாது. குதிரை நன்றாக முழித்திருந்தது. இரண்டு சந்துகள் திரும்பி, ஒரு கூரைக் கொட்டகைக்குள் நேராக நுழைந்து, புல்கட்டின் முன்னால் நின்றது. உள்ளிருந்து ஓர் அம்மாள் வந்தாள். என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "நல்லாருக்கு! சவாரியையும் வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டீயளா?" என்றாள். நல்ல மனுஷி. எனக்கு ஒரு செம்பு நீர்மோர் கொடுத்தாள். மோரைக் குடித்து முடிக்கும்போது தூரத்தில் என் ரயில் கூவிக்கொண்டு போயிற்று. அன்று சத்திரத்தில்தான் படுக்கை.

மறுநாள் காலை ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் வள்ளியூர் வியாபாரி. முகம் வாடியிருந்தது. உடம்புக்கு என்ன என்றேன். வயிறு சரியில்லையாம்.

"வைத்தியரைப் பார்க்கலையா?"

"நாய் என்னைக்காவது வைத்தியரு வீட்டு வாசல்ல நின்னு பாத்திருக்கீயளா? வயிறு சரியில்லைன்னா அருகம்புல்லைத் தின்னுட்டுப் பட்டினி கிடக்கும். நானும் அதேதான். நேத்து ராத்திரியில இருந்து பச்சைத்தண்ணி கூடப் பல்லுல படல."

சேரன்மகாதேவியில் வண்டி நின்றது. கூடையில் இட்லியும் எள்ளு மிளகாய்ப்பொடியும் வந்தன. வியாபாரி நான் வாங்கியதைப் பார்த்தார். பிறகு கூடையைப் பார்த்தார். எட்டு இட்லி வாங்கினார். எனக்குச் சிரிப்பு வந்ததைக் கண்டுகொண்டு, "பட்டினி முடிஞ்ச நாயி ரெட்டிப்பாத் தின்னும். அதையும் பாத்துதான் வச்சிருக்கேன்" என்றார்.

கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை தானே வில்வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிகம் பேசாத பிள்ளை. ஊர் மணிமுத்தாற்றுக்கு அக்கரையில். பாலம் கிடையாது, துறையில் வண்டி இறங்கி ஏறவேண்டும். நாங்கள் துறைக்கு வந்தபோது சாயங்காலம். ஏற்கனவே இரண்டு வண்டிகளும், தலையில் விறகோடு சில பெண்களும், பெட்டியோடு ஒரு நாவிதரும் கரையில் காத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்குக்கூட வராது. அடியில் கூழாங்கல் தெரிகிறது.

"யாருக்காகக் காத்திருக்கிறோம்?" என்றேன்.

"மூத்தாளுக்கு" என்றார் மாப்பிள்ளை.

யாரோ வயதான அம்மாள் போலிருக்கிறது என்று நானும் மரியாதையாக மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேய்ச்சலிலிருந்து ஒரு கிழட்டு எருமை அசைந்து அசைந்து வந்தது. பின்னால் அவள் பரிவாரம். அதற்கும் பின்னால் மேய்க்கிற சுடலை, கிட்டத்தட்ட என் வயசுக்காரர், பட்டாளத்துக்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. எருமை தண்ணீரை முகர்ந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எருமை இறங்கியது.

"இறங்கிட்டா! வண்டியை விடுங்க!" என்று சுடலை கையைத் தூக்கினார். அதன் பிறகுதான் எல்லாரும் ஆற்றில் இறங்கினோம்.

சுடலையே காரணமும் சொன்னார். "இங்கன வெயிலு அடிக்கும் ஐயா, மலையில கொட்டிக்கிட்டு இருக்கும். நமக்குத் தெரியாது. சத்தம் கேக்கும்போது தண்ணி கழுத்துக்கு வந்திரும். என் அப்பன் காலத்துல ஒருநாள் எருமையெல்லாம் கரையிலயே நின்னுட்டு. ஒரு வண்டிக்காரன் கேக்காம இறங்கினான். வண்டிச் சக்கரம் ஒண்ணு சீவலப்பேரியில கிடந்துதாம். அன்னையில இருந்து எருமை இறங்காம எவனும் இறங்க மாட்டான்."

எங்கள் காவேரியில் மதகைத் திறப்பதற்கு முன் ஆள் வந்து தமுக்கு அடிப்பான் என்றேன். "தமுக்கு அடிக்கவன் தண்ணியைப் போட்டுட்டுத் தூங்கிட்டாம்னா?" என்று கேட்டார். ஜட்காக்காரரின் ஞாபகம் வந்தது.

விசாலம் வாசலில் நின்றிருந்தாள். ஓடிவந்துவிடப் போகிறாளே என்று நான் முதலில் ஓடினேன். "பைய வாங்கப்பா, கல்லு கிடக்கு" என்றாள். இரண்டு வருஷத்தில் என் பெண் அந்த ஊர்க்காரியாகிவிட்டாள்.

சம்பந்தியம்மாளும் மிருகங்களிடம் படித்தவர்தான். காக்கைக்கு வைத்த சோற்றைக் காக்கை எடுக்காமல் அந்த வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. மறுநாள் மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் மணந்துகொண்டிருக்க, நான் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காக்கை வரவில்லை.

"பக்கத்து வீட்டுல இன்னைக்கு அவியல். அங்கன முடிச்சுட்டுதான் இங்கன வரும்" என்றார் மாப்பிள்ளை. அவர் அன்று பேசியது அவ்வளவுதான்.

விசாலத்துக்கு மட்டும் விதிவிலக்கு. வயிற்றுப்பிள்ளைக்காரி குருவி மாதிரி கொத்திக் கொத்தி நாள் முழுக்கத் தின்ன வேண்டுமாம். அது போகட்டும். அவள் காலையும் மாலையும் துறை வரைக்கும் நடந்து போய்வருகிறாள் என்று கேட்டதும் கூரையை விட்டுவிட்டுச் சம்பந்தியம்மாளைப் பார்த்தேன்.

"சினைமாடு மேய்ச்சலுக்கு நடந்துதான போகுது? கட்டிப்போட்டா கன்னு எப்படித் திரும்பும்?" என்றார் சம்பந்தியம்மாள்.

"எங்கள் வீட்டில் அவள் கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம்" என்றேன் பெருமையாக. விசாலத்திடம் திரும்பி, "அம்மா எல்லாம் தயார் பண்ணிவிட்டாள். கூடத்து அறைக்குத் தன் கையாலேயே வெள்ளையடித்திருக்கிறாள். அதே கட்டில்தான், கயிறு மட்டும் புதிதாகப் பின்னியிருக்கிறோம்" என்றேன்.

விசாலம் கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டாள். "சரிப்பா" என்றாள்.

சாயங்காலம் எருமைகள் திரும்பிய பிறகு, சத்திரத்தில் ஈரம் ஏறியிருந்த குடையைக் காற்றாட விடலாம் என்று கொல்லைக்குப் போய் விரித்தேன். அது பட்டென்று விரிந்ததுதான் தாமதம், தொழுவத்தில் ஒரு பெருமூச்சு, ஒரு மடமட சத்தம். சம்பந்தி வீட்டு எருமைதான் மூத்தாள்; முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். இவ்வளவு பெரிய கறுப்புப் பறவையை அவள் பார்த்ததில்லை போலும். விசாலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஜவுளிக்கடையில் புடவை பார்ப்பதுபோலக் குடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். குடையை மடக்கினேன். எருமை சாந்தமாயிற்று. நான் அதோடு மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டோம். எருமைகள் மேய்ச்சலுக்குப் போகிற நேரமும் அதுவே. வண்டி குலுங்குகிறது என்று விசாலம் இறங்கிவிட்டாள். "துறை வரைக்கும் நடந்து வாறேன்ப்பா. வெயிலு சுடுது. குடையை விரிச்சுப் பிடிங்க. அம்மா சொல்லி அனுப்பினாள்ல?" என்றாள். அம்மா சொன்னதை மதிக்கிற பெண் என்று எனக்குச் சந்தோஷம். விரித்த குடையோடு இருவரும் தண்ணீரோரத்தில் போய் நின்றோம்.

மூத்தாள் வந்தாள். நின்றாள். மூக்கை விடைத்தாள். பின்வாங்கினாள்.

"நில்லுங்க! இறங்க மாட்டேங்கா!" என்று சுடலை அலறினார்.

வண்டிகள் திரும்பின. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். நாவிதர் மணலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உறுமுது" என்றார். நான் ஆற்றைக் காட்டி, இதில் என் கணுக்கால்கூட நனையாது, பதினெட்டு வருஷமாக நதிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் சொல்கிறேன் என்றேன்.

"அந்தச் சக்கரம் போனவனும் இதைத்தான் சொன்னானாம்" என்றார் சுடலை.

நாள் முழுக்கக் காத்திருந்தோம். ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கூடுதலாக வரவில்லை. சாயங்காலம் சுடலையைப் பிடித்துக் கேட்டேன்.

"வந்துது ஐயா. நீங்க மத்தியானம் கண்ணசந்தீயள்ல, அப்பம் வந்துட்டுப் போயிட்டு."

இரண்டாம் நாளும் அதே கதை. விசாலம் நடந்தாள்; நான் குடை பிடித்தேன்; எருமை மறுத்தது. அன்று நாவிதருக்குக் காதை மணலில் வைக்கும் முன்பே உறுமிவிட்டது.

மூன்றாம் நாள் நான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாள் எட்டாம் மாதம் பிறக்கிறது. எட்டில் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப மாட்டார்கள். பிறகு ஒன்பதில் அவ்வளவு தூர ரயில் பயணத்தை நினைத்தும் பார்க்க முடியாது. வெள்ளையடித்த அறையில் என் மனைவி உட்கார்ந்துகொண்டு வாசலைப் பார்ப்பது என் கண்ணிலேயே நின்றது. இந்தப் பெண்ணையாவது பக்கத்தில் வைத்துக் காப்பாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் அந்த வருஷம் வேறு வேலை இல்லை. அதற்குக் குறுக்கே ஓர் எருமை நிற்கிறது.

துறையில் ஆனிக் காற்று சுழற்றி அடித்தது. மூத்தாள் வழக்கம்போல முரண்டு பிடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று குடை பின்பக்கமாகப் புரண்டு, கம்பிகள் வானத்தைப் பார்த்தன. நான் திரும்பி நின்று இழுத்து, ஒருவழியாகச் சரிசெய்து மடக்கினேன். மடக்கியதும் முதுகுக்குப் பின்னால் சலசலவென்று சத்தம். மூத்தாள் காதை ஆட்டிவிட்டு, முன்னங்கால்களைத் தண்ணீரில் வைத்திருந்தாள்.

"இறங்கிட்டா! இறங்கிட்டா! வண்டியை விடுங்க!"

சந்தோஷம் தாங்காமல் விசாலத்தைப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்க்கவில்லை, எருமையையும் பார்க்கவில்லை. என் கையில் மடங்கியிருந்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

கொல்லையில் குடை விரிந்ததும், அவள் சிரித்ததும், சிரிப்பை நிறுத்தியதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன. மூன்று நாளாகக் குடையை விரிக்கச் சொன்னது வெயிலுக்காக இல்லை, எருமைக்காக என்றும் புரிந்தது.

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதா அம்மா?" என்றேன் மெதுவாக.

"அம்மா தன் கையால வெள்ளையடிச்சிருக்கான்னு சொன்னீங்க. எப்படிப்பா சொல்லுவேன்?" என்றாள். "அக்கா கட்டில்ல நான் எப்படிப்பா படுப்பேன்?"

மாப்பிள்ளை வண்டியைத் துறைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். விசாலம் ஏறுவதற்காக என் தோளைப் பிடித்தாள். மாட்டின் கழுத்துமணி குலுங்கியதற்கே அவளுக்குத் தூக்கிப்போட்டது. கதவு சாத்தினால் ஒரு வருஷமாக எனக்கும் அப்படித்தான்.

"வெயில் என்னமாய் அடிக்கிறது!" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, குடையை எருமைக்கு நேராகப் பட்டென்று விரித்தேன்.

மூத்தாள் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு கரைக்குத் தாவினாள். பரிவாரம் சிதறியது. "ஐயோ! காலை வச்சுட்டுத் திரும்புதா! இப்படி ஒருநாளும் பண்ணினதில்ல! பெரிய வெள்ளம்லே, ஓடுங்கலே!" என்று சுடலை கத்தினார். நாவிதர் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். எல்லாருக்கும் முன்னால், விரித்த குடையோடு, பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறியவன் நான்தான். மாப்பிள்ளை குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பெண்டாட்டியைப் பார்த்தார். அப்படியே வண்டியைத் திருப்பினார்.

வெள்ளம் வரவில்லை. மலையிலேயே வேறு பக்கம் திரும்பிவிட்டது என்று ஊர் ஒருமனதாக முடிவு செய்தது.

என் மனைவிக்கு எழுதினேன். தந்தி கொடுத்திருந்தால் வாசலில் தபால்காரனைப் பார்த்ததுமே விழுந்திருப்பாள். அதனால் ஒரு கார்டுதான். எல்லாரும் சௌக்கியம், எட்டு பிறந்துவிட்டது, இங்கே ஓர் எருமை உத்தரவு தரவில்லை, நீயே புறப்பட்டு வா. திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

அவள் வந்த அன்று சாயங்காலம் நானும் விசாலமும் ஊர்க்கரையில் நின்றோம். அக்கரையில் மாப்பிள்ளையின் வண்டி வந்து நின்றது. மூத்தாள் மேய்ச்சலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். என் மனைவி வண்டியிலிருந்து இறங்கி, கண்ணுக்கு நேரே அடித்த மேற்கு வெயிலுக்காகக் குடை ஒன்றை எடுத்து விரித்தாள். அவளும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

எருமை நின்றுவிட்டது.

"குடையை மடக்கு!" என்று கத்தினேன்.

"என்னது?"

"குடையை! மடக்கு!"

"வெயில் அடிக்கிறதே! உங்களுக்கு என்ன ஆச்சு?"

விசாலம் மணலில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். கடைசியில் மாப்பிள்ளைதான் மெல்லக் கையை நீட்டிக் குடையை வாங்கி மடக்கினார். மூத்தாள் இறங்கினாள். பின்னாலேயே வண்டியும் வந்தது.

என் மனைவி இறங்கியதும் விசாலத்தின் கன்னத்தை இரண்டு கையாலும் தடவினாள். நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது. நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

"விடுங்க" என்றாள். "வெள்ளையடிக்கும்போதே எனக்கு மனசு ஒப்பல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். அந்த அறையைப் பூட்டிட்டுத்தான் வந்தேன்."

நடுவில் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நான் திரும்பி வந்ததும், புரட்டாசியில் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சௌக்கியம். மூன்றாம் நாளே சுடலை ஒரு செம்பு எருமைப்பாலோடு வந்தார். "பாத்தீயளா ஐயா? பிள்ளை இங்கனதான் பிறக்கணும்னு மூத்தாளுக்கு அப்பமே தெரிஞ்சிருக்கு. இல்லேன்னா மூணு நாளு மறிப்பாளா?" என்றார்.

ஆமாம் என்றேன். இரண்டு குடைகளையும் சம்பந்தி வீட்டு உத்தரத்தில் செருகியாயிற்று. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அவரோடு துறைக்கு நடந்தேன்.